கோதுமை நாட்டில் ஒரு கிண்ணம் சோறு

டில்லிக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பம் முதல் வருஷம் நல்ல புழுங்கலரிசி தேடிக் கடை கடையாக ஏறி இறங்கும். இரண்டாம் வருஷம், இரவு வேளையில் மட்டும் சப்பாத்தி என்று வீட்டில் ஓர் உடன்பாடு ஏற்படும். ஐந்தாறு வருஷம் சென்றால், குழந்தைகள் பள்ளிக்கூடத்திற்கு ஆலு பராட்டா வேண்டுமென்று கேட்பார்கள். ஊரிலிருந்து வரும் பாட்டி, "இதென்னடி, மூன்று வேளையும் கோதுமையா?" என்று மூக்கில் விரலை வைப்பாள். வந்த இடத்து உணவுக்கு மனிதர் மாறுவது இயல்பே. அவ்விடத்து மக்களோடு ஒட்டி வாழ்வதற்கு அது ஒரு வழியும் ஆகும்.

அந்த வழி அடைபட்ட சிலரும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுக்கு ஒரு துண்டு ரொட்டியும் ஆகாது. ரொட்டி தொட்ட கரண்டியும் ஆகாது. என் மகள் அவர்களுள் ஒருத்தி. வயது பதினொன்று. அவளை அழைத்துக்கொண்டு குருகிராமத்தில் உள்ள ஒரு மெக்சிகோ பாணி உணவுச்சாலைக்குச் சென்று வந்த விவரத்தை நம் இதழுக்கு எழுதுமாறு நண்பர்கள் கேட்டுக்கொண்டனர். ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு வைத்தியம் தெரியாது, சமையலும் அரைகுறையே. ஆயினும் நான்கு வருஷமாக ஒவ்வொரு பொட்டலத்தின் பின்புறத்தையும் படித்து, ஒவ்வொரு கடைக்காரரையும் கேட்டுக் கேட்டுப் பழகிய அனுபவம் உண்டு. அந்த அளவில் எழுதுகிறேன்.

நோயின் தன்மை

இந்நோய்க்குச் சீலியாக் நோய் என்று பெயர். கோதுமை, வாற்கோதுமை எனப்படும் பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. பிசைந்த கோதுமை மாவு அறுந்து போகாமல் இழுபடுவது இதனால்தான். சீலியாக் நோய் உடையவர் குளூட்டனை உண்டால், உடலைக் காக்க வேண்டிய சக்தியே அவருடைய சிறுகுடலைத் தாக்கத் தொடங்குகிறது. குடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. உண்டது உடம்பில் ஒட்டுவதில்லை. குழந்தை வளராது, சோகை பிடிக்கும், வயிறு ஊதும், பேதியாகும். வயிற்றுத் தொந்தரவே இல்லாமல், தீராத சோகை ஒன்றே அடையாளமாக நிற்பதும் உண்டு.

குற்றவாளி கோதுமைதான் என்பதை உலகம் அறிந்தது மிக அண்மையிலேயே. ஹாலந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் வில்லம் டிக் என்பவர் இதில் முதன்மையானவர். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டில் கொடும் பஞ்சம் நிலவியது. ரொட்டி கிடைக்கவில்லை. எல்லாக் குழந்தைகளும் நலிந்த அக்காலத்தில் சீலியாக் நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. கோதுமையின் மீது முன்னமே ஐயம் கொண்டிருந்த டிக், தம் ஆராய்ச்சியை 1950-இல் நூலாக வெளியிட்டார். இன்றளவும் இந்நோய்க்கு மருந்து ஒன்றே: ஆயுள் முழுவதும் குளூட்டனை விலக்குதல்.

நம்மைப் போன்ற குடிபெயர்ந்த குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் வடக்கே ஹரியானாவிலும், வடகிழக்கே அஸ்ஸாமிலும், தெற்கே வேலூர்ப் பகுதியிலும் மக்களைப் பரிசோதித்தனர். வடக்கே ஆயிரத்தில் சுமார் பன்னிரண்டு பேருக்கு இந்நோய் இருந்தது. தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்கே இருந்தது. ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் பரம்பரைக் கூறு மூன்று இடங்களிலும் ஏறக்குறைய சமமாக, மூவரில் ஒருவரிடம், காணப்பட்டது. பெரிய வேற்றுமை உணவில் இருந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் கோதுமை சராசரியாக 450 கிராமுக்குக் குறையவில்லை. தெற்கே 25 கிராம்தான். அந்தக் கூறு உடையவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். எனவே அஞ்ச வேண்டியதில்லை. எனினும் "இது பஞ்சாபியர் நோய், நமக்கு வராது" என்று இருப்பதற்கும் இடமில்லை.

என் மகள் ஏழு வயதில் ஐந்து வயதுக் குழந்தையின் உயரமே இருந்தாள். இரும்புச் சத்து மருந்து இரண்டு வருஷம் கொடுத்தும் சோகை நீங்கவில்லை. இறுதியில் ஓர் இளம் டாக்டர் இதற்குரிய இரத்தப் பரிசோதனையும், பிறகு எண்டோஸ்கோப்பி மூலம் குடற்சதைப் பரிசோதனையும் செய்து நோயைக் கண்டுபிடித்தார். கோதுமையை நிறுத்திய ஒரே வருஷத்தில் அவள் பாவாடைகளையெல்லாம் அவிழ்த்து இறக்கித் தைக்க வேண்டியதாயிற்று. உறவினர் பலர், "அரிசி நாட்டுக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிடு" என்று கடிதமும் தொலைபேசியுமாக வற்புறுத்தினர். ஆனால் இன்று அரிசி நாட்டில் புரோட்டாக் கடை இல்லாத தெரு எது? ரவா உப்புமா இல்லாத கல்யாண வீடு எது? ஓடிப் போவதால் தீரும் விஷயமாக இது எனக்குத் தோன்றவில்லை.

ஓர் அழைப்பு

வீட்டில் உணவுக்குக் குறைவில்லை. சோறு, இட்டிலி, தோசை, ஆப்பம், இடியாப்பம், கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், அடை எல்லாம் அவளுக்கு ஆகும். துன்பம் வெளியில்தான். வடக்கே குழந்தைகளின் பிறந்த நாள் விருந்து என்றால் கேக், பீட்ஸா, சமோசா ஆகிய மூன்றுமே கோதுமை. என் மகள் சிறு டப்பாவில் தயிர்ச்சாதம் எடுத்துச் செல்வாள். அந்த டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு வந்த நாட்களும் உண்டு. "பசிக்கவில்லை" என்பாள். அதற்குமேல் அவளை நாங்கள் கேட்பதில்லை.

சென்ற ஆண்டு அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தியின் பிறந்த நாள் விருந்து குருகிராமத்தில் ஒரு பரிட்டோக் கடையில் நடப்பதாக அழைப்பு வந்தது. பரிட்டோ என்பது அகன்ற கோதுமை ரொட்டிக்குள் சோறும் பயறும் கறியும் வைத்துத் தலையணை போல் சுருட்டித் தருவது. கேட்டதும் என் மனைவி, "டப்பாவைக் கழுவி வைக்கிறேன்" என்றாள். ஆனால் குழந்தை, "அங்கே ரொட்டி இல்லாமல் கிண்ணத்திலும் தருவார்களாம், அப்பா. போய்ப் பார்த்துவிட்டு வரலாமா?" என்றாள். விருந்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, இடம் பார்த்து வரப் புறப்பட்டோம்.

வயலாக இருந்த நகரம்

புது டில்லி நிலையத்திலிருந்து மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில் குருகிராமத்தை அடையலாம். நகரின் நடுவே பூமிக்கடியில் ஓடும் வண்டி, தெற்கே குதுப் மினாரை நெருங்கும்போது வெளியே வந்து தூண்களின் மீது ஏறிக்கொள்கிறது. சத்தர்ப்பூரைக் கடந்ததும் ஆரவல்லிக் குன்றுகளின் எச்சமான முள்மரக் காடுகள் தென்படும். பிறகு கண்ணாடி மாளிகைகள் தொடங்கிவிடும்.

துரோணாசாரியரின் கிராமம் என்று ஐதிகம் கூறும் இவ்வூர் குர்காவ் என வழங்கிவந்து, 2016-இல் குருகிராமம் என்று பெயர் மாற்றம் பெற்றது. ஒரு தலைமுறைக்கு முன் இங்கே பெரும்பாலும் கோதுமையும் கடுகும் விளைந்தன. குளிர்காலத்தில் பச்சையும் மஞ்சளுமாகக் கிடந்த அந்நிலத்தில் இன்று உலகத்துக் கம்பெனிகளெல்லாம் அடுக்கு மாளிகை கட்டியிருக்கின்றன. அங்கே வேலை செய்யும் இளைஞர்களுக்காகப் பல தேசத்து உணவுச்சாலைகளும் வந்துள்ளன. நாங்கள் தேடிச் சென்ற கடையும் அவ்வரிசையில் ஒன்று. பதினைந்து மேஜைகள் இருக்கும். சுவரில் மெக்சிகோ நாட்டின் படம் பெரிதாகத் தீட்டப்பட்டிருந்தது. எங்கள் முறை வரும் வரையில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெக்சிகோவும் நம்மைப் போலவே இரண்டு உணவு நாடுகளாகப் பிரிந்தது. அத்தேசத்தின் பூர்வ தானியம் மக்காச்சோளம். அதைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து அரைத்து, மெல்லிய அடையாகத் தட்டிக் கல்லில் சுடுவர். அதுவே டார்ட்டிலா. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் கோதுமையைக் கொண்டு வந்தனர். தெற்கும் நடுப்பகுதியும் மக்காச்சோளத்தை விடவில்லை. வறண்ட வடபகுதியில், முக்கியமாகச் சொனோரா மாநிலத்தில், கோதுமை செழித்தது. அங்கே டார்ட்டிலாவும் கோதுமை மாவில் செய்யப்படலாயிற்று. அந்த வடநாட்டு ரொட்டியில் சுருட்டப்படுவதே பரிட்டோ. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குச் 'சிறு கழுதை' என்று பொருள். எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் அது பருத்துக் கொழுத்தது. 1993-இல் டென்வர் நகரில் ஸ்டீவ் எல்ஸ் என்பவர் தொடங்கிய சிபோட்லே என்னும் கடை, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பண்டங்களை வரிசையாக வைத்து, வாங்குபவர் சொல்லச் சொல்ல நிரப்பித் தரும் முறையை ஊரூராகப் பரப்பியது.

இந்தச் சொனோரா என்ற பெயர் நமக்குப் புதியதன்று. இந்தியாவில் உணவுப் பஞ்சம் அச்சுறுத்திய 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை இறக்குமதியாயிற்று. அதில் ஒரு ரகத்தின் பெயர் 'சொனோரா 64'. நார்மன் போர்லாக் சொனோராவின் வயல்களில் ஆராய்ந்து உருவாக்கிய வித்துகள் அவை. அவற்றை நம் மண்ணுக்குக் கொண்டு வருவதில் முன்னின்றவர் இருவரும் தமிழர்: உணவு மந்திரியாக இருந்த பொள்ளாச்சிச் சி. சுப்பிரமணியம், டில்லி பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய கும்பகோணத்து எம். எஸ். சுவாமிநாதன். அரிசி நாட்டிலிருந்து வந்த இருவர் கோதுமை நாட்டின் களஞ்சியத்தை நிரப்பினர். இன்று இக்கடையில் சுடப்படும் ரொட்டியின் மாவு அந்தச் சொனோரா வித்தின் வழிவந்ததாக இருந்தால் வியப்பில்லை.

அந்தப் புதிய கோதுமையால்தான் இந்நோய் வந்தது என்று சொல்வாரும் உளர். அது நிலைநாட்டப்பட்ட உண்மையன்று. இதையொத்த ஒரு நோயைக் கிரேக்க வைத்தியர் அரேட்டயஸ் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பே வருணித்திருக்கிறார். இலட்சக்கணக்கானவர் பசியைத் தீர்த்த தானியம் என் மகளுக்கு ஆகவில்லை; அதற்காகத் தானியத்தை நோவானேன்?

கண்ணாடிக்குப் பின்னால்

கடையின் அமைப்பைச் சொல்ல வேண்டும். எல்லாம் அதில்தான் இருக்கிறது. வரிசையின் முதலிடத்தில் ஓர் இயந்திரம். அதில் கோதுமை டார்ட்டிலாவைச் சூடு காட்டி மிருதுவாக்குகிறார்கள். அடுத்து எலுமிச்சையும் கொத்தமல்லியும் கலந்த சோறு. பிறகு கறுப்புப் பயறு, ராஜ்மா. பிறகு பன்னீர், காளான், கோழி. பிறகு தக்காளிச் சல்சா, மக்காச்சோளச் சல்சா. கடைசியில் புளித்த பாலேடு, துருவிய பாலாடைக்கட்டி, மசித்த வெண்ணெய்ப் பழம். சல்சா என்பது தாளிக்காத நம் பச்சடி போன்றது. இத்தனை பண்டங்களில் கோதுமையாகக் கண்ணுக்குத் தெரிவது அந்த ரொட்டி ஒன்றே. அமெரிக்காவில் சிபோட்லே நிறுவனமும் தன் பண்டங்களில் குளூட்டன் உள்ளது கோதுமை டார்ட்டிலா மட்டுமே என்று அறிவித்திருக்கிறது. ஆகவே ரொட்டியை விலக்கிக் கிண்ணத்தில் வாங்கினால் போதுமே என்று தோன்றும்.

போதாது. ரொட்டியைத் தொட்ட கையுறையே சோற்றுக் கரண்டியையும் பிடிக்கிறது. விரித்த ரொட்டியின் மேல் சோற்றைத் தட்டும்போது கரண்டியின் நுனி மாவில் படுகிறது. அதே கரண்டி சோற்றுப் பாத்திரத்துக்குத் திரும்புகிறது. பாலாடைக்கட்டியைக் கையாலேயே அள்ளித் தூவுகிறார்கள். ரயில்வேயில் ஒரு விதி உண்டு: ஒரு பிரிவுக்குள் ஒரு வண்டி இருக்கும்போது மற்றொரு வண்டியை உள்ளே விடுவதில்லை. இக்கடையில் கோதுமை வண்டியும் அரிசி வண்டியும் ஒரே தடத்தில் முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டிருந்தன. 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்டு விற்கும் பண்டத்தில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கலாகாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. அவ்வளவு நுண்ணிய அளவுக்கு ஒரு ரொட்டித் துணுக்கே அதிகம்.

நான் இளைஞர் ஒருவரிடம், "குளூட்டன் இல்லாத உணவு கிடைக்குமா?" என்று ஹிந்தியில் கேட்டேன். அவர் மலர்ந்த முகத்துடன், "கிடைக்கும், ஐயா. எங்கள் ரொட்டியில் மைதாவே கிடையாது. முழுக்க முழுக்க ஆட்டாதான்!" என்றார். இவ்விடையை நான் பல கடைகளில் கேட்டிருக்கிறேன். மைதா உடம்புக்குக் கெடுதல், ஆட்டா நல்லது என்பதே பலரும் அறிந்தது. இரண்டும் கோதுமையே என்பதைக் கேட்கிற நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நான் விளக்கத் தொடங்குவதற்குள் என் மகள் கண்ணாடிக்கு அருகே சென்று, தெளிவான ஹிந்தியில் பேசினாள்: "பய்யா, ஆட்டா, மைதா, ரவை, பார்லி எதுவும் எனக்கு ஆகாது. கொஞ்சம் பட்டாலும் உடம்புக்கு வந்துவிடும். இது பத்தியம் இல்லை, நோய். ரொட்டி இல்லாமல் கிண்ணத்தில் தர முடியுமா? கையுறை மாற்றிக்கொள்வீர்களா?"

இளைஞர் ஒரு கணம் திகைத்து, உள்ளே போய் மேற்பார்வையாளரை அழைத்து வந்தார். அந்த அம்மையார் குழந்தை சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு ஒரு கோப்பை எடுத்து வந்து எங்கள் எதிரிலேயே ஒவ்வொரு பண்டத்தின் கூட்டுப்பொருளையும் விரல் வைத்துப் படித்தார். ஒரு சிவப்புச் சாறில் சோயா சாஸ் இருந்தது. சோயா சாஸில் கோதுமை உண்டு. பொரித்த கோழியில் மைதா தடவப்பட்டிருந்தது. மக்காச்சோள வறுவல் தானியத்தால் குற்றமற்றது. ஆனால் கோதுமையில் செய்த இனிப்பைப் பொரிக்கும் எண்ணெயிலேயே அதையும் பொரித்தனர். "அதுவும் வேண்டாம், குழந்தாய்" என்றார் அம்மையார். வறுவலின் மீது ஆசை வைத்திருந்த என் மகளின் முகம் சுருங்கியது. ஆனாலும் அந்த 'வேண்டாம்' என்ற சொல்லைக் கேட்டபோதுதான் எனக்கு அக்கடையின் மீது நம்பிக்கை பிறந்தது. எல்லாம் ஆகும் என்பவரைவிட, இது ஆகாது என்று சொல்லத் தெரிந்தவரே நமக்கு வேண்டியவர்.

பிறகு வேலை நடந்தது. இளைஞர் கையைச் சோப்பிட்டுக் கழுவிப் புதுக் கையுறை அணிந்தார். சோறும் பயறும் பன்னீரும் முன்னிருந்த பாத்திரங்களிலிருந்து எடுக்காமல், சமையலறையில் திறவாதிருந்த பாத்திரங்களிலிருந்து கழுவிய கரண்டியால் எடுத்து வரப்பட்டன. எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் பெருமூச்சு விட்டார். என் மகளின் காது மடல்கள் சிவந்தன. அம்மையார் நிமிர்ந்து, "ஒரு நிமிஷம் பொறுங்கள். இந்தக் குழந்தைக்கு இது மருந்து கொடுப்பது போன்ற காரியம்" என்று உரக்கச் சொன்னார். அப்புறம் யாரும் பெருமூச்சு விடவில்லை.

கிண்ணத்தின் விலை முந்நூறு ரூபாய்க்குச் சற்று மேல். குமாஸ்தாவின் பைக்கு அடிக்கடி ஒத்துவரும் விலை அன்று. சோறு, தாளிக்காத எலுமிச்சைச் சாதம் போல இருந்தது. கடுகும் கடலைப்பருப்பும் இருந்தால் நன்றாயிருக்கும் என்று என் நாக்கு சொல்லிற்று. பயறு குழைவாக வெந்திருந்தது. மசித்த வெண்ணெய்ப் பழத்தில் பச்சை மிளகாயின் காரம் இதமாக இருந்தது. என் மகளோ விமரிசனம் எதுவும் செய்யவில்லை. கிண்ணத்தின் அடியைக் கரண்டியால் சுரண்டி உண்டாள். அன்றிரவும் மறுநாளும் அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அவள் தனியே சென்றாள். முந்தின நாளே நான் கடைக்குத் தொலைபேசியில் சொல்லி வைத்தேன். தோழியின் தாயாரிடமும் கேக் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாலையில் திரும்பி வந்தவள், "ஒன்பது பேரில் நாலு பேர் என்னைப் பார்த்து அவர்களும் கிண்ணமே வாங்கிக்கொண்டார்கள், அப்பா. புது அண்ணா ஒருவர் இருந்தார், நானே எல்லாம் கேட்டேன்" என்றாள். டப்பாவை அன்று அவள் எடுத்துச் செல்லவில்லை.

கேட்கும் முறை

இதிலிருந்து நான் அறிந்தவற்றை, இத்தகைய குழந்தையோ பெரியவரோ உள்ள குடும்பங்களுக்குச் சொல்லுவேன். கண்ணெதிரே எடுத்து வைத்துத் தரும் கடை, மூடிய சமையலறையை விட நமக்கு நல்லது. கரண்டி போகும் வழியை நாமே பார்க்கலாம். கூட்டம் இல்லாத வேளையில், பகல் பன்னிரண்டு மணிக்கு முன்போ மூன்று மணிக்கு மேலோ செல்லுதல் நலம். 'குளூட்டன்' என்ற சொல்லோடு நிற்காமல், ஆட்டா, மைதா, சூஜி என்று தானியத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். கையுறை, கரண்டி, எண்ணெய், சாஸ் ஆகிய நான்கையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். சந்தேகமான விடை வந்தால் நன்றி கூறி வெளியே வந்துவிடலாம். அதில் யாருக்கும் அவமானம் இல்லை.

வடக்கே கோதுமையில்லாத உணவும் பலவாறு உண்டு. ராஜ்மாவும் சோறும், கடியும் சோறும் எங்கும் கிடைக்கும். குளிர்காலத்தில் பஞ்சாபியர் மக்காச்சோள ரொட்டி சுடுவர். ராஜஸ்தானியர் கம்பு ரொட்டி சுடுவர். நவராத்திரி விரதத்தில் குட்டு மாவும் சிங்காடா மாவும் விற்பனைக்கு வரும். ஆனால் இவற்றை அரைத்த இயந்திரத்தில் கோதுமையும் அரைபட்டதா என்று கேட்டே வாங்க வேண்டும். ரயில் பயணத்தில் கட்லெட்டிலும் சூப்போடு வரும் குச்சி ரொட்டியிலும் கோதுமை இருக்கும். நீண்ட பயணத்துக்கு வீட்டுப் புளியோதரையே உத்தமம்.

நம் வீட்டு அலமாரியையும் சற்று நோக்க வேண்டும். கூட்டுப் பெருங்காயத்தில் பல சமயம் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். பொட்டலத்தைப் படித்து, அரிசி மாவு சேர்த்ததைத் தேடி வாங்கலாம். சாம்பாரும் ரசமும் தீங்கற்றவை என்று நம்பும் நமக்கு இது வியப்பாக இருக்கும். மால்ட் கலந்த பானங்களில் பார்லி உண்டு. சேமியாவும் ரவையும் பெரும்பாலும் கோதுமையே. ஹோட்டல் தோசைக்கல்லில் ரவா தோசையும் வார்ப்பார்கள், சப்பாத்தியும் போடுவார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழந்தை வயதுக்கேற்ப வளரவில்லை, சோகை தீரவில்லை, அடிக்கடி பேதியாகிறது என்றால் டாக்டரிடம் இந்நோயைப் பற்றிக் கேளுங்கள். பரிசோதனைக்கு முன் நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடக் கூடாது; நிறுத்திவிட்டால் இரத்தத்தில் அடையாளம் மறைந்து, நோய் தெரியாமலே போகும். நோய் இல்லாதவர் நாகரிகத்துக்காகக் கோதுமையை விலக்குவதிலும் பயனில்லை. எங்கள் வீட்டில் மகனுக்கு இரத்தப் பரிசோதனை செய்து குற்றமில்லை என்று அறிந்தோம். இப்போது அவன் சப்பாத்தியைத் தனிக் கல்லில், தனி மேஜையில் வைத்து உண்கிறான்.

கடைசியாக நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். பொங்கல் விழா விருந்தில் இலைக்கு இலை கேசரியும் பூரியும் பரிமாறும்போது, பூரி எடுத்த கையே சோற்றுக் கரண்டியையும் எடுக்கிறது. பந்தியின் ஓரத்தில் ஒரு சிறு மேஜை போட்டு, சோறு, குழம்பு, பொரியல், சர்க்கரைப் பொங்கல் ஆகியவற்றை முதலிலேயே தனிப் பாத்திரங்களில் எடுத்து, தனிக் கரண்டிகளோடு மூடி வைத்தால் போதும். செலவு ஒன்றுமில்லை. பெருங்காயத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். கரண்டிகள் இடம் மாறாமல் பார்த்துக்கொள்ள அந்த மேஜைக்கு ஒரு பொறுப்பாளர் தேவை. வரும் தை மாதத்தில் அந்தப் பொறுப்பை ஏற்க நான் சித்தமாக இருக்கிறேன். இத்தகைய உணவு வேண்டியவர்கள் யாரேனும் இருந்தால், விழாவுக்கு ஒரு வாரம் முன்னதாகச் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள்.